பெண்கள் நலனுக்காக மாணவர்கள் நடத்தும் விழிப்புணர்வு வாரத்தால் உண்மையில் பயன் உண்டா?

நண்பர்கள் சிலர் சேர்ந்து பெண்களின் உடல்நலம், பாதுகாப்பு, சமத்துவம் மூன்றையும் வைத்துக் கல்லூரியில் ஒரு வாரம் விழிப்புணர்வு இயக்கம் நடத்தப்போவதாகவும், சுவரொட்டி, பேரணி, மருத்துவர் ஒருவரின் உரை, உறுதிமொழி என்று திட்டம் போட்டிருப்பதாகவும், இவற்றில் என்னென்ன தகவல்களைச் சேர்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "சென்ற ஆண்டும் இதையேதான் செய்தார்கள், எதுவும் மாறவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மகளிர் நல மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த "மருத்துவரின் உரை"யைப் பல மேடைகளில் நானே ஆற்றியிருக்கிறேன். உடல்நலம் பற்றிச் சொல்வது என் பயிற்சியிலிருந்து வருவது. பாதுகாப்பு பற்றிச் சொல்வது, வெளிவந்த ஆய்வுகளைப் படித்ததிலிருந்தும் என்னிடம் வந்த பெண்கள் சொன்னதிலிருந்தும் வருவது. சட்டம் என் துறை அல்ல. அதற்கு உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை அழையுங்கள்.

ஒரு முறை மாணவியர் நிறைந்த அரங்கில் ரத்தசோகை பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல். எல்லோரும் போன பிறகு ஒரு பெண் கதவோரம் நின்றிருந்தாள். "எனக்கு ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு இருக்கிறது, அது அதிகமா?" என்று கேட்டாள். அது அதிகம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சற்றுமுன் நானே மேடையில் சொல்லியிருந்தேன். அவளுக்கு இல்லாமல் போனவை வேறு: எந்த மருத்துவமனைக்குப் போவது, யார் கூட வருவார்கள், வீட்டில் என்ன சொல்வது, எவ்வளவு செலவாகும் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில். என் ஒரு மணி நேர உரையில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அன்றிலிருந்து, யார் உரைக்கு அழைத்தாலும் "பேச்சு முடிந்ததும் ஒருத்தி வந்து நின்றால் அவளை எங்கே அனுப்புவீர்கள்?" என்று முதலில் கேட்கிறேன். பதில் தயாராக இல்லாத இடத்தில், தேதியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஏற்பாட்டை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் அல்ல. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாமாண்டு மாணவியர் ஏறத்தாழ 900 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் வெளியாயின. ஒரு குழுவுக்குப் பாலியல் வன்முறை பற்றிய துண்டறிக்கைகளைக் கொடுத்து, சுருக்கமாக விளக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு மூன்று மணி நேர அமர்வுகள் நான்கு, ஆக 12 மணி நேரம் பயிற்சி. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, துண்டறிக்கை பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம். கவனியுங்கள், நாம் வழக்கமாகச் செய்வது அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட குழுவுக்குச் செய்ததைத்தான். அந்தப் பயிற்சியும் வெறும் குத்துச்சண்டைப் பாடம் அல்ல. தெரிந்த ஒருவன், நண்பனாகவே இருப்பவன் எல்லை மீறும்போது மனம் "இவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சமாதானம் சொல்லுமே, அந்தத் தயக்கத்தை அடையாளம் கண்டு கடப்பது அதில் முக்கியமான பகுதி. மூன்று மணி நேரத் தற்காப்புக் கலை வகுப்பு ஒன்றை நடத்திவிட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சி பெண்ணின் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி பெற்றும் ஒருத்தி தாக்கப்பட்டால் குற்றம் தாக்கியவனுடையது. மேடையிலும் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆண்களின் நடத்தையை மாற்றுவது பற்றிக் கேட்டால், ஒரே ஒரு முறை நடத்தும் குறுகிய வகுப்புகளால் வன்முறை குறைந்ததாக நல்ல ஆதாரம் இல்லை. வகுப்பு முடிந்த அன்று கேள்வித்தாளில் நல்ல பதில்கள் வரும்; சில வாரங்களில் அது கரைந்துவிடும். அதைவிட நம்பிக்கை தருவது நியூயார்க் நகரப் பள்ளிகளில் செய்து பார்த்த ஒரு முறை. மாணவர்களிடம் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, எங்கெங்கே பாதுகாப்பில்லாமல் உணர்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். குறிக்கப்பட்ட இடங்களில் ஆசிரியர்கள் நடமாட்டத்தை அதிகப்படுத்தினார்கள், அத்துமீறலைத் தெரிவிக்கும்படி சொல்லும் சுவரொட்டிகளை ஒட்டினார்கள். வகுப்பறைப் பாடம் மட்டும் நடந்த இடங்களில் கிடைக்காத பலன் இதில் கிடைத்தது. அவை பள்ளிகள், உங்களுடையது கல்லூரி. பலன் அப்படியே கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் மாணவர்கள் கையில் பணமில்லாமல் செய்யக்கூடியவற்றில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. வரைபடத்தைப் பெயர் கேட்காமல் நூறு பேரிடம் கொடுங்கள். சிவப்புப் புள்ளிகள் ஒரே மாடிப்படியிலும், விளக்கில்லாத ஒரே பாதையிலும், ஒரே ஆய்வகத்திலும் குவியும். அதை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போகும்போது எங்கே எத்தனை வாட் விளக்கு வேண்டும், எத்தனை தாழ்ப்பாள் வேண்டும் என்ற கணக்கே உங்கள் கோரிக்கையில் இருக்கும்.

சுவரொட்டி வாசகங்களில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா உண்டு. பார்வையாளர்கள் அந்தத் துண்டுகளை எடுத்துப்போவதைத் தடுக்க, "இதுவரை வந்தவர்களில் பலர் எடுத்துப்போயிருக்கிறார்கள்" என்ற பொருளில் ஒரு பலகை வைத்துப் பார்த்தார்கள். திருட்டு ஏறத்தாழ 8 சதவீதம் ஆனது. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன பலகையின் பக்கத்தில் அது 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. எல்லோரும் செய்கிறார்கள் என்று கண்டனத்தோடு சொன்னாலும், காதில் விழுவது "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது மட்டும்தான். "நம் கல்லூரியில் ஆண்கள் எல்லோரும் பெண்களைக் கேலி செய்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். ஒரு சிறு கணக்கெடுப்பு நடத்தி, அந்தக் கேலியைப் பெரும்பான்மையினர் வெறுக்கிறார்கள் என்று தெரிந்தால் அதை எழுதுங்கள். கேலி செய்பவன் தன் பக்கம் கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பைத்தான் உடைக்க வேண்டும். கணக்கெடுப்பில் அப்படி வராவிட்டால் வந்ததாக எழுதக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வன்முறை பற்றி எண்ணிக்கை ஒன்று வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் பயன்படுத்தலாம். உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். பெரும்பாலும் அதைச் செய்பவர் கணவர் அல்லது காதலர். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு என்றதும் இருட்டுச் சந்தும் முகம் தெரியாத ஆளும் மட்டுமே நம் பேச்சில் வருகின்றன. கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கும் காதலனையும், கடவுச்சொல் கேட்டு மிரட்டுபவனையும் பற்றி யாரும் பேசாததால், அந்த நிலையில் இருக்கும் பெண் தனக்கு நடப்பது வன்முறை என்றே நினைப்பதில்லை.

உடல்நலத்துக்கு வருகிறேன். இங்கே ஐயமில்லாமல் சொல்லக்கூடியவை நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உலக அளவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவது, கவனம் சிதறுவது, எப்போதும் களைப்பு என்று இருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம், ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். இவற்றைச் சொல்லாததால் பாதியில் நின்றுபோன சிகிச்சைகள் நான் பார்த்தவரை மிக அதிகம். அதோடு, ரத்தம் ஏன் குறைந்தது என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

அந்த ஓட்டை பெரும்பாலும் மாதவிடாய்தான். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் வருவது: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்தது வலி. மாதவிடாய் வலிக்குக் காரணம் கருப்பையில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அது உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் வலி முற்றுவதற்கு முன்பே எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாத்திரைக்கும் கட்டுப்படாமல், மாதாமாதம் வகுப்புக்கு வரவிடாமல் செய்யும் வலி "பெண்ணாகப் பிறந்தால் அப்படித்தான்" என்று விட வேண்டியது அல்ல. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்படவே பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி மருத்துவர்களாகிய எங்களுடையது, ஒரு பகுதி "பொறுத்துக்கொள்" என்ற சொல்லுடையது. உங்கள் இயக்கம் அந்தச் சொல்லை மட்டும் பலவீனப்படுத்தினாலும் நான் மகிழ்ச்சி அடைவேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் எச்பிவி என்ற வைரஸின் நீண்டகாலத் தொற்றால் வருவது. அதற்குத் தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகச் சிறந்தது. கல்லூரி வயதிலும் போடலாம், ஆனால் வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருந்தால் அந்த வகைக்கு எதிராகப் பலன் இருக்காது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை தேவை. 2030க்குள் 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமியருக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. உங்கள் இயக்கத்தில் இது மாணவியருக்கு மட்டுமான செய்தி அல்ல. அவர்களின் தாய்மாருக்கும் தங்கைமாருக்கும் போய்ச் சேர வேண்டியது.

இப்போது ஐயத்துக்குரிய ஒன்று. மாதந்தோறும் மார்பைச் சுயபரிசோதனை செய்யக் கற்றுத்தருவது மாணவர் முகாம்களில் நிரந்தர நிகழ்ச்சி. ஷாங்காய் நகரத்தில் ஏறத்தாழ 2,66,000 பெண் தொழிலாளர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனை கற்றவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. ஆபத்தில்லாத கட்டிகளுக்காகத் திசுப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்தான் அதிகமானார்கள். இருபது வயதில் மார்பகப் புற்றுநோய் மிக அரிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் அட்டவணை போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வதை விட்டுவிட்டு, "உன் உடலின் வழக்கமான நிலை உனக்குத் தெரிந்திருக்கட்டும், புதிதாகக் கட்டியோ, ரத்தக் கசிவோ, தோலில் குழியோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டு" என்று சொன்னால் போதும்.

ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு கல்லூரியில் ஹீமோகுளோபின் எண்ணிக்கையை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் படித்தார்கள். குறைவாக இருந்த பெண்கள் மாலைக்குள் விடுதி முழுவதும் பேச்சானார்கள்; சிகிச்சைக்கு ஏற்பாடு எதுவும் இல்லை. நான் அங்கே இருந்தேன், உரக்கத் தடுக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. முடிவை மூடிய உறையில் தர முடியாவிட்டால், குறைவாக உள்ளவருக்கு அதே வாரத்தில் மருத்துவர் நேரம் வாங்கித்தர முடியாவிட்டால், பரிசோதனையே வேண்டாம்.

சமத்துவம் மூன்றாவது தலைப்பாகத் தனியே நிற்பதால்தான் மேடையில் அது வெறும் உறுதிமொழியாகிவிடுகிறது என்பது என் கருத்து. அதை உடல்நலத்தோடு இணைத்துக் காட்டுங்கள். 1977இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கக் கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. 1993இல்தான் அந்த வழிகாட்டுதலை மாற்றியது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்தைப் பெண்களின் உடல் மெதுவாக வெளியேற்றுகிறது என்பதால், பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கும்படி அதே அமைப்பு 2013இல் சொன்னது. அதற்குள் அந்த மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரை ஆய்வு செய்கிறோம், யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பது கடைசியில் மாத்திரையின் அளவு வரை வந்து நிற்கிறது. உங்கள் வளாகத்திலும் இப்படி எண்ணிப் பார்க்கக்கூடியவை உண்டு. ஆய்வகத்தில் கருவியை இயக்குவது யார், குறிப்பெடுப்பது யார்? விடுதிக் கதவு எந்த நேரத்தில் யாருக்கு மூடப்படுகிறது? பெண்கள் கழிப்பறைகளில் எத்தனையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இருக்கின்றன? எண்ணி எழுதிவிட்டால் மறுக்க முடியாது.

இயக்கம் நன்றாக நடந்தால் ஒன்று நிச்சயம் நிகழும்: யாராவது ஒருத்தி உங்களில் ஒருவரிடம் தனியே வந்து தனக்கு நடந்ததைச் சொல்வாள். அந்த ஐந்து நிமிடத்துக்கு உங்கள் குழு முழுவதையும் தயார் செய்யுங்கள். குறுக்கிடாமல் கேட்க வேண்டும். "ஏன் அங்கே போனாய், ஏன் கத்தவில்லை" என்று கேட்கக் கூடாது. பயத்தில் உடல் உறைந்து குரலெழும்பாமல் போவது மருத்துவம் அறிந்த ஓர் இயல்பான எதிர்வினை. "உன்னை நம்புகிறேன், இது உன் தவறு அல்ல" என்று சொல்ல வேண்டும். இன்றிரவு பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும்; புகார் கொடுக்கும்படி நெருக்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது. அவள் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் விதிகள் வேறு. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கும் முன் அதை வழக்கறிஞரிடம் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் தாக்குதல் என்றால் நேரம் முக்கியம்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; கருத்தடைக்கான அவசர மருந்துக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பாதிக்கப்பட்டவர்களை மேடையேற்றிக் கதை சொல்ல வைக்கும் எண்ணம் இருந்தால், கைவிட்டுவிடுங்கள்.

மற்றபடி, ஒரே வாரத்தில் மூன்று தலைப்பையும் முடிக்க நினைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பருவம் முழுவதும் பின்தொடருங்கள். பெயரில்லாமல் கேள்வி போடும் பெட்டி ஒன்றை இப்போதே வையுங்கள்; இரண்டு வாரத்தில் சேரும் சீட்டுகள், எதைப் பேச வேண்டும் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லும். சில அமர்வுகள் பெண்களுக்கு மட்டும் இருக்கட்டும், ஆனால் ஆண்களை முழுவதும் வெளியே நிறுத்தாதீர்கள். இயக்கத்துக்கு முன்பு கேட்ட கேள்விகளையே மூன்று மாதம் கழித்தும் கேளுங்கள்.

சுவரொட்டியை அச்சுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒரு வேலை. அதில் நீங்கள் போட்டிருக்கும் ஒவ்வொரு உதவி எண்ணையும் நீங்களே இரவு பதினொரு மணிக்கு அழைத்துப் பாருங்கள். மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிட்டு, எடுக்கும் எண்ணைக் கண்டுபிடித்துப் போடுங்கள்.